மாமாவின் தடியும் புல்லு வெட்டும் மெசினும்

எங்கள் மைதானத்தில் புல்லு வெட்டும் நாளில், கதிரையில் இருந்து ஓட்டுகிற மெசின் கடைசியாகத்தான் வெளியே வரும். முதலில் வருகிறவர் மாமா. காலை ஆறரைக்கு, கையில் ஒரு பூவரசந் தடியோடு வடக்கு மூலையில் நிற்பார். அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால், வெறும் உரப்பை ஒன்றோடு, அன்றைக்கு அகப்பட்ட பெடியன் ஒருவன். ஒரு கரையில் இருந்து மறுகரைக்கு நடப்போம். கொஞ்சம் தள்ளித் திரும்பி வருவோம். வயல் உழுவது போலத்தான். வெயில் ஏறாத அந்த நேரத்தில் வெளிச்சம் சரிந்து விழும். புல்லுக்குள் கிடக்கும் கம்பித் துண்டு, போத்தல் ஓடு, சோடா மூடி எல்லாம் அப்போதுதான் மினுங்கும். பத்து மணி வெயிலில் அதே இடத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மாமா தடியால் புல்லைத் தட்டிக்கொண்டே போவார். புடையன் பாம்பு கிடந்தால் விலகிப் போகட்டும் என்பதற்காக. தட்டிய இடத்தில் சத்தம் மாறினால் நின்று விடுவார். கல்லா, இரும்பா, வேரா என்று தடியின் நுனியிலேயே அவருக்குத் தெரியும். கல்லென்றால் பெடியன் குனிந்து எடுப்பான். இரும்பென்றால் யாரும் குனிவதில்லை. அவர் முதலில் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் கை போகும்.

அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2010 இல் மீளக் குடியமர்ந்து மூன்றாவது மாதம், சொந்தக் காணியின் பின்வேலியில் விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடி. இப்போது ஜெய்ப்பூர் கால் போட்டுத்தான் அந்த நடை முழுவதையும் நடக்கிறார். நான் நடக்கிறேன், நீங்கள் நிழலில் இருங்கோ என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்டதில்லை.

எங்கள் ஊர் ஒட்டுசுட்டானுக்கும் முள்ளியவளைக்கும் இடையில், மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் இருந்து உள்ளே இறங்கும் கிரவல் பாதையில் இருக்கிறது. சனசமூக நிலையத்துக்கு முன்னால் உள்ள மைதானம் மிதிவெடி அகற்றுகிறவர்கள் பார்த்து முடித்து ஒப்படைத்த நிலம். ஹலோ டிரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்கள் 2002 சமாதான காலத்தில் வடக்கில் இந்த வேலையைத் தொடங்கின. 2009 க்குப் பிறகு வன்னியில் எந்த வீதியால் போனாலும் அவர்களின் குறித்தடிகளும் மண்டையோட்டுப் பலகைகளும்தான். வன்னிப் பெண்கள் பலர் அந்த வேலைக்குப் போனார்கள்; முழந்தாளில் இருந்து சாண் சாணாக நிலத்தைப் பார்க்கிற வேலை. 2017 டிசெம்பரில் இலங்கை, மிதிவெடிகளைத் தடை செய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அகற்றும் வேலை இன்னும் நடக்கிறது.

ஆகவே இதை எல்லாவற்றுக்கும் முதல் சொல்கிறேன். அப்படி ஒப்படைக்கப்படாத, சனம் புழங்காத காணிக்குள் புல்லு வெட்டும் மெசினைக் கொண்டு போகவே கூடாது. ஒப்படைத்த நிலத்திலும் மழை மண்ணைக் கரைத்துக் கரைத்துப் பழையவற்றை மேலே கொண்டு வரும். என்னவென்று விளங்காத பொருள் ஒன்று கண்ணில் பட்டால் தொடவேண்டாம், கல்லெறிந்து பார்க்கவேண்டாம். வந்த அடித்தடத்தாலேயே திரும்பி வந்து, தூரத்தில் ஒரு அடையாளம் வைத்து, மற்றவர்களை மறித்துவிட்டு, ஜீ.எஸ் என்கிற கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ சொல்லவேண்டும். அன்றைக்குப் புல்லு வெட்டு இல்லை.

மெசின் 2019 இல் வந்தது. கனடாவில் இருக்கும் பெரியண்ணை கொண்டெய்னரில் அனுப்பினார். அங்கே ஒரு வீட்டு வளவில் ஏழெட்டு வருடம் ஓடியது, 17.5 குதிரைவலு, ஒற்றைச் சிலிண்டர், 42 அங்குல வெட்டு. அதுவரை கத்தியாலும், தோளில் கொழுவும் மெசினாலும்தான் வெட்டினோம். மாரி தொடங்கி மூன்று கிழமையில் புல்லு முழங்காலுக்கு வந்துவிடும்; நாலு பேர் இரண்டு நாள் நிற்கவேண்டும். தள்ளிக்கொண்டு போகிறதை அனுப்பவா, இருந்து ஓட்டுகிறதை அனுப்பவா என்று அண்ணை கேட்டபோது நான் மாமாவை நினைத்துத்தான் பதில் சொன்னேன். மைதானத்தைப் பார்க்கிறவர் அவர். ஓட்டவேண்டியவரும் அவரே.

இங்கே ஒரு விசயம் கவனித்துக் கேட்டோம். இந்த வகை மெசின்கள் சிலவற்றில் முன்னுக்கும் பின்னுக்கும் போகிற மிதி வலது காலுக்கு வரும். பொய்க்காலால் அதை மிதிக்கலாம். ஆனால் எவ்வளவு மிதிபடுகிறது என்று அந்தக் காலுக்குத் தெரியாது. எங்களுக்கு வந்ததில் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது வலது சில்லுக்கு மேலே உள்ள கைப்பிடியில். பிரேக் இடது காலுக்கு. வலது காலுக்கு வேலையே இல்லை. வன்னியில் கால் இழந்தவர்கள் குறைவில்லை. வெளிநாட்டில் இருந்து இப்படியொன்றை அனுப்ப நினைப்பவர்கள், ஓட்டப்போகிறவருக்கு எந்தக் கால் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முதல் நாள் மாமா திறப்பைப் போடவே இல்லை. மெசினில் ஏறி இருந்து, பிரேக்கை மிதிப்பதும் விடுவதும், கண்ணை மூடிக்கொண்டு பிளேட் நிறுத்துகிற பொத்தானைத் தேடுவதுமாக ஒரு பின்னேரம் முழுக்க இருந்தார். அவசரத்தில் கை தானாகப் போகவேண்டும் என்றார்.

உழவு மெசின் தெரிந்த ஊருக்கு இதில் படிக்க என்ன இருக்கிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வன்னியில் பிறந்தவன் இரண்டு சில்லு லான்ட்மாஸ்டரைப் பிடித்துக்கொண்டுதான் வளர்கிறான். பதினைந்து வயதில் மஸி பேர்குசன் ஓட்டாதவன் எங்கள் வகுப்பில் குறைவு. தெரியும் என்ற அந்த எண்ணம்தான் இங்கே ஆபத்து. உழவு மெசினில் பயப்படவேண்டியது கண்ணுக்குத் தெரியும்: பெரிய சில்லு, கலப்பை, சுற்றுகிற தண்டு. இதில் அது வயிற்றுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கவிழ்த்து வைத்த தாச்சி போல ஒரு இரும்பு மூடி. அதற்குள் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு பிளேட். ஒவ்வொன்றும் முழத்தைவிட நீளம். முழு வேகத்தில் பிளேட்டின் நுனி மணிக்கு 300 கிலோமீற்றருக்கும் மேலே போகிறது. மெசின் நடை வேகத்தில் மெல்ல ஊர்வதைப் பார்க்கிறவனுக்கு அது தெரியாது. ஓட்டுகிறவனுக்குக்கூட ஒரு மணித்தியாலத்தில் மறந்து போகும். காதில் எஞ்சின் சத்தம், முகத்தில் வெட்டின புல்லின் வாசம். கதிரையில் இருக்கிற சுகம் நிலத்தை மறைத்துவிடும்.

அந்தக் கதிரைக்குக் கீழே ஒரு சுவிச் இருக்கிறது. ஆள் எழும்பினாலோ விழுந்தாலோ எஞ்சினை நிறுத்துவதற்கு. மாமா நாற்பத்தெட்டுக் கிலோ. பள்ளத்தில் மெசின் துள்ளும் போதெல்லாம் சுவிச் அவர் எழும்பிவிட்டார் என்று நினைத்து எஞ்சினை நிறுத்தியது. ஒரு காலையில் பதினொரு தரம் நின்றது. ரவுணில் மெசின் திருத்துகிற ஒருவரைக் கூட்டி வந்தோம். கதிரையைத் தூக்கி, இரண்டு வயரையும் வெட்டி முறுக்கி, ரேப் சுற்றி, ஐந்து நிமிடத்தில் முடித்தார். காசும் வேண்டாம் என்றார்.

மாமா கேட்டார்: "அப்ப நான் விழுந்தா இது நிக்காதே?"

"நீங்கள் ஏன் அண்ணை விழப்போறியள்?"

"காலுக்குக் கீழ என்ன கிடக்கெண்டு தெரிஞ்சே நான் அண்டைக்குக் கால் வைச்சனான்?"

வயரைப் பழையபடி போட வைத்துவிட்டுத்தான் அவரை அனுப்பினார். பிறகு நாங்களே பார்த்தோம். சுவிச்சின் இணைப்பில் தூசி அடைத்திருந்தது, துடைத்தோம். கதிரையின் ஸ்பிறிங் பாரமான ஆளுக்கு வைத்தபடி இருந்தது, இளக்கினோம். மீதிக்குக் காரணம் மைதானம். இரண்டு உழவு மெசின் பெட்டி மண் பறித்துப் பள்ளங்களை நிரப்பினோம். அதற்குப் பிறகு அது தேவையில்லாமல் நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது ஒவ்வொரு முறையும் தொடங்க முதல் சோதிக்கிறோம். பிரேக்கை மிதிக்காமல் திறப்பைத் திருப்பினால் எஞ்சின் எழும்பக்கூடாது. பிளேட் போட்டபடி திருப்பினாலும் எழும்பக்கூடாது. வெட்டவெளியில் பிளேட்டை ஓடவிட்டு, கதிரையில் இருந்து கொஞ்சம் உடம்பைத் தூக்கினால் எஞ்சின் நிற்கவேண்டும். இந்த மூன்றில் ஒன்று பிழைத்தாலும் மெசின் கொட்டிலுக்குத் திரும்பும். பழைய மெசின் வாங்கினவர்கள் முதல் வேலையாகக் கதிரையைத் தூக்கிப் பாருங்கள். முறுக்கின வயர் கிடந்தால் அதைச் சரியாக்காமல் ஒரு வரி கூட வெட்டவேண்டாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் அந்தப் பிழையை விட்டேன்.

2020 தைப்பொங்கல். அடுத்த நாள் மைதானத்தில் விளையாட்டுப் போட்டி. இரவு மழை பெய்து விடியவும் தூறல். மாமா கிளினிக்குக்காக முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். புல்லு காய ஒன்பதரை ஆகிவிட்டது. போன கிழமைதானே நடந்து பார்த்தோம் என்று நினைத்தேன். நடக்காமல் ஏறினேன்.

இன்னொன்றும் செய்திருந்தேன். மூடியின் வலது பக்கத்தில் வெட்டின புல்லு வெளியே பறக்கிற வாய் உண்டு. அதற்கு மேலே ஒரு பிளாஸ்ரிக் தட்டி தொங்கும். பறந்து வருவதை நிலத்தை நோக்கித் திருப்புவதற்கு. ஈரப் புல்லு அதில் கட்டியாக அடைக்கிறது என்று தட்டியை மேலே தூக்கிக் கம்பியால் கட்டிவிட்டேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

தெற்குப் பக்கம் நாலாவது வரியில் ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை; கோயில் மணியை கோடாலியால் அடித்தது போல என்று சொல்லலாம். மெசின் முழுக்க உதறியது. பொத்தானை அமர்த்தினேன். திரும்பிப் பார்த்தபோது சனசமூக நிலையத்தின் யன்னல் கண்ணாடி இல்லை. மைதானத்தின் விளிம்பில் இருந்து முப்பது மீற்றர் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் புத்தக அலுமாரியின் மரக்கதவில், ஒரு சாணும் நாலு விரலும் நீளமான இரும்பு முளை ஒன்று குத்தியபடி நின்றது. அந்த யன்னலுக்கும் அலுமாரிக்கும் நடுவில்தான் வாங்கு. காலையில் பத்திரிகை வாசிக்க மூன்று நாலு பெரியவர்கள் அதில் இருப்பார்கள். மழையால் அன்றைக்குப் பத்திரிகை பிந்தியது. அதனால் யாரும் வந்திருக்கவில்லை.

நான் அந்த வாங்கில் இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

மாமா பின்னேரம் வந்தார். ஒன்றும் பேசவில்லை. முளையை அலுமாரியில் இருந்து பிடுங்கி, மண்ணைத் தட்டி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கூடார முளை" என்றார். 2010 இல் எங்களைக் கொண்டு வந்து இறக்கியபோது வீடு என்று ஒன்றும் இல்லை. அந்த மைதானத்தில்தான் தறப்பாள் கூடாரங்கள் வரிசையாக நின்றன. ஐந்து மாதம் அங்கே இருந்தோம். கூடாரங்களைப் பிடுங்கியபோது சில முளைகள் மண்ணுக்குள் நின்றுவிட்டன. பத்து வருடம் கழித்து, மழையில் மண் இளகி, உழவு மெசின் சில்லு ஏறி இறங்கி, ஒன்று தலையைக் காட்டியிருக்கிறது.

"எங்கட கூடாரத்தின்ரயாவும் இருக்கலாம்" என்றார். பிறகு, "தம்பி, ஏறி இருந்தா நிலம் தெரியாதடா. நடந்து பாத்திட்டு ஏறு." அவ்வளவுதான். ஏச்சு எதுவும் இல்லை.

அடுத்த கிழமை பழைய கூடார வரிசைகள் எங்கெங்கே நின்றன என்று ஊர்ப் பெண்களைக் கேட்டோம். அவர்களுக்குத்தான் நன்றாக ஞாபகம் இருந்தது. எந்த மூலையில் யார் உலை வைத்தது என்பது வரைக்கும். அந்த வரிசைகளை மட்டும் தடியால் குத்திக் குத்திப் பார்த்ததில் இன்னும் ஒன்பது முளைகள் வந்தன. அவற்றை உரப்பையில் போடாமல் மாமா வீட்டுக்குக் கொண்டு போனார். தட்டியைக் கட்டிய கம்பியை அன்றைக்கே அறுத்து எறிந்தேன்.

முளை அடித்த பிளேட் வளைந்திருந்தது. கொல்லன் பட்டறையில் சூடாக்கி அடித்து நேராக்கித் தருகிறோம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். செய்யக்கூடாது. நேராக்கின பிளேட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு நிற்கும். அந்த வேகத்தில் அது முறிந்தால், பறக்கிற துண்டு அந்த முளையைவிட மோசமானது. அண்ணை புதிது அனுப்பும் வரை இரண்டரை மாதம் மெசின் நின்றது. பெடியள் கத்தியோடு இறங்கினார்கள்.

பிளேட்டைக் கழற்றுகிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் விரல் போவது இங்கேதான். சமதரையில் நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, திறப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, எஞ்சின் ஆறிய பிறகு பிளக் வயரைக் கழற்றித் தள்ளி வைக்கவேண்டும். பிளேட்டைக் கையால் சுற்றும்போது எஞ்சினும் சேர்ந்து சுற்றி எழும்பக்கூடிய அமைப்புகள் உண்டு. பிளக் வயர் கழன்றிருந்தால் எழும்பாது. எங்கள் ஆட்களின் வழக்கம் மெசினைப் பக்கவாட்டில் சரித்து விழுத்துவது. பெற்றோல் ஒழுகும், எஞ்சின் ஓயில் காற்று வடிகட்டிக்குள் போய்விடும். முன்பக்கத்தைத் தூக்கி முண்டு கொடுக்கலாம். ஆனால் சீமெந்துக் கல் வைக்கவேண்டாம். அது சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே கை விடவும் வேண்டாம். நாங்கள் பாலைமரக் குற்றி இரண்டு வெட்டி வைத்திருக்கிறோம்.

தடித்த கையுறை. பிளேட் சுற்றாமல் மூடிக்கும் பிளேட்டுக்கும் நடுவில் ஒரு மரத்துண்டு. ஸ்பனரை உடம்பை நோக்கி இழுக்கும்போது கை வழுக்கினால் எங்கே போய் அடிக்கும் என்று முதலே பார்த்துக்கொள்ளவேண்டும். தீட்டும்போது பழைய சரிவிலேயே அரம் பிடிக்கவேண்டும். இரண்டு முனையிலும் ஒரே அளவு தேயவேண்டும். தீட்டின பிறகு சுவரில் ஒரு ஆணி அடித்து, பிளேட்டின் நடு ஓட்டையை அதில் கொழுவிப் படுக்கையாக விடுங்கள். ஒரு முனை கீழே சரிந்தால் அந்தப் பக்கம் பாரம். இன்னும் கொஞ்சம் அராவவேண்டும். தராசு நிற்பது போல நிற்கும் வரைக்கும் விடக்கூடாது. சமன் இல்லாத பிளேட் மெசினை உதறும்; உதறல் முதலில் பெயரிங்கைத் தின்னும், பிறகு நட்டுகளை இளக்கும். திரும்பப் பூட்டும்போது பிளேட்டின் மடிந்த செட்டை மேலே, மூடியைப் பார்த்தபடி இருக்கவேண்டும். தலைகீழாகப் பூட்டிவிட்டு மெசின் வெட்டுதில்லை என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் விசயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. உழவு மெசின் மட்காட்டில் பிள்ளையை இருத்திக்கொண்டு கோயிலுக்குப் போகிற ஊர் இது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒரு பெட்டியில் எத்தனை குடும்பம் போகும் என்று எண்ண முடியாது. அந்தப் பழக்கத்தில்தான் "மாமா ஒரு ரவுண்ட்" என்று வருவார்கள். மடியில் ஒரு தரம் ஏற்றினால், அந்தப் பிள்ளைக்கு இந்த மெசின் ஏறி விளையாடுகிற சாமான் ஆகிவிடும். அடுத்த தரம் சத்தம் கேட்டதும் பின்னால் ஓடி வரும். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது, கேட்காது. பின்னுக்கு எடுக்கும்போது பிள்ளைகள் அகப்படுகிற விபத்துகள் இந்த மெசின்களில் ஆகக் கொடுமையானவை. அமெரிக்காவின் குழந்தை மருத்துவர் சங்கம் இருந்து ஓட்டும் மெசினுக்கு 16 வயதும், தள்ளிக்கொண்டு போவதற்கு 12 வயதும் ஆகவேண்டும் என்கிறது. எங்கள் மைதானத்தில் 18. மாமா பின்னுக்கு எடுக்கும்போது பிளேட்டை நிறுத்தி, திரும்பி, தோளுக்கு மேலாலும் கீழேயும் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். பிள்ளை ஒன்று எல்லைக்கல்லுக்கு உள்ளே கால் வைத்தால் எல்லாம் நிற்கும்.

ஒரு தரம் கமக்கார அமைப்பில் இருந்து வந்து குளக்கட்டில் புல்லு வெட்டித் தரச் சொன்னார்கள். நல்ல மனிதர்கள், வாய்க்கால் வேலைக்கு எங்களோடு நின்றவர்கள். மாட்டோம் என்று சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாமா ஒரு மீற்றர் நீளமான பலகையையும் மேசனின் நீர்மட்டத்தையும் கொண்டு வந்தார். பலகையின் ஒரு முனையைச் சரிவில் வைத்து, மட்டம் சரியாகும் வரை மறுமுனையைத் தூக்கிப் பிடித்து, அந்த முனைக்குக் கீழே நிலம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்தார். 15 பாகை என்றால் ஏறக்குறைய 27 சதமமீற்றர். அதைத் தாண்டினால் இருந்து ஓட்டும் மெசின் ஏறக்கூடாது. குளக்கட்டில் 46 வந்தது. வந்தவர்கள் அளவுகோலைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினார்கள். கட்டுக்குத் தோளில் கொழுவும் மெசின்தான். மைதானத்தின் மேற்குக் கரையில் உள்ள சின்னச் சரிவில் நாங்கள் மேலும் கீழுமாக நேரே ஓடுவோம். குறுக்கே போனால் பிரளும். வெள்ள வாய்க்கால் ஓரத்தில் மெசினின் இரண்டு அகலம் விட்டுவிடுவோம். அந்தத் துண்டுப் புல்லை ஆடுகள் பார்த்துக்கொள்ளும்.

பெற்றோலைப் பற்றி 2022 தட்டுப்பாடு எங்களுக்குப் படிப்பித்தது. வரிசையில் இரண்டு நாள் நின்று அடித்த பெற்றோலை ஊரில் வீட்டுக்கு வீடு கான்களில் ஒளித்து வைத்தார்கள், சிலர் அடுப்படிக்குப் பக்கத்தில். நாங்களும் மெசினுக்கென்று ஒரு கான் வைத்தோம். கியூஆர் காட்டிப் பங்குக்கு அடிக்கிற முறை வந்து நிலைமை கொஞ்சம் இறங்கிய பிறகு அதை ஊற்றினால் எஞ்சின் இருமியது. மாதக்கணக்கில் நின்ற பெற்றோல் காபுரேட்டருக்குள் பிசினாகப் படிந்துவிட்டது. இப்போது ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை; கோடையில் மெசின் சும்மா நிற்கப்போகிறது என்றால் ராங்கியை வடித்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுகிறோம். கானை நிரப்பும்போது ஓட்டோவுக்குள் வைத்து நிரப்பாமல் நிலத்தில் இறக்கி வைத்து நிரப்பவேண்டும். மெசினுக்கு ஊற்றுவது எஞ்சின் ஆறிய பிறகு, வெளியில், பீடியோ சுருட்டோ பக்கத்தில் இல்லாமல். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் புகைக்குழாயைச் சுற்றி அடைந்து கிடக்கும் காய்ந்த புல்லே தீப்பிடிக்கப் போதும். கொட்டிலுக்குள் விடமுதல் அதைத் தூரிகையால் தட்டிவிடுவோம்.

மற்றப்படி சின்ன வேலைகள். ஓயில் ஐம்பது மணித்தியாலத்துக்கு ஒரு தரம், எஸ்.ஏ.இ. 30 போடுகிறோம், எங்கள் வெக்கைக்கு அது சரி. காற்று வடிகட்டிக்குப் புத்தகம் சொல்லும் கணக்கு கனடாவின் புல்வெளிக்கு. கிரவல் தூசிக்கு அதில் பாதி நாளிலேயே பார்க்கவேண்டும். பஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கலாம். கடதாசி வடிகட்டியைக் கழுவவோ கொம்பிரசர் காற்று அடிக்கவோ கூடாது. தட்டிப் பார்த்து அழுக்கென்றால் புதிது. பெல்ட் அறுந்தபோது கடையில் கிடைத்த அரிசி ஆலைப் பெல்ட்டைப் போட்டோம். அளவு சரிதான், ஆனால் மூன்றாம் நாள் உரிந்தது. இந்த மெசினின் பெல்ட்டுக்குள் இருக்கிற நூல் வேறு வகை. சில்லுக்கு நெருஞ்சி முள்ளுத்தான் எதிரி. ஒட்டுகிற கடையில் மோட்டார் சைக்கிளுக்கு அடிப்பது போல முப்பது, முப்பத்தைந்து பி.எஸ்.ஐ. என்று காற்று அடித்துவிடுவார்கள். இந்தச் சில்லுகளுக்கு அவ்வளவு ஆகாது. எங்களுடையதுக்கு முன்னுக்கு 14, பின்னுக்கு 10. ரயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் ஆகக்கூடிய அளவைக் கடைக்காரருக்குக் காட்டி, அதைத் தாண்டாமல் அடிக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கிழமை மழை தொடங்கிவிட்டது. மைதானம் இரண்டு நாளாகப் பச்சை பிடிக்கிறது. புது பிளேட் இரண்டும் ஆணியில் கொழுவிப் பார்த்தாயிற்று. திறப்பு வழக்கம்போல மாமா வீட்டில், சாமித்தட்டுக்குப் பக்கத்து ஆணியில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் தொங்குகிறது. அதற்குக் கீழே அந்தப் பத்து முளைகளும் ஒரு வாளிக்குள் இருக்கின்றன. பூவரசந் தடி இந்த வருடம் புதிது. பழையதைக் கறையான் தின்றுவிட்டது என்று நேற்றுத்தான் வெட்டினார். சனிக்கிழமை ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கிறார். உரப்பை பிடிக்க ஒரு பெடியனை நான் பிடிக்கவேண்டும்.